யாட் வெள்ளோட்டம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

மாமாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். 64 அடி மோட்டார் யாட், இரண்டு டீசல் இஞ்சின், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 குதிரைவலு, 2008இல் கட்டியது. இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கப் போகிறார்களாம். "மச்சான், சனிக்கிழமை ஓடிக் காட்டுகினம், என்ன பார்க்க வேணும் சொல்லு" என்றான். நான் அப்போது முல்லைத்தீவில், கள்ளப்பாட்டுக் கரையில் ஒரு வாடிக்குள் இருந்து, படகின் பின்னால் மாட்டுகிற 25 குதிரைவலு அவுட்போட் இஞ்சின் ஒன்றின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

எட்டு வருசம் டுபாயில் யாட் இஞ்சின்களோடு கிடந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். வாங்க வருகிறவர்களுக்கு ஓடிக் காட்டும்போதெல்லாம் இஞ்சின் அறைக்குள் நின்றிருக்கிறேன். அவர்கள் மேல்தட்டில் சோபாவைத் தடவிப் பார்ப்பார்கள், சமையலறை லாச்சியை இழுத்துப் பார்ப்பார்கள், கீழே ஒரு பக்க இஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள். நான் சம்பளத்துக்கு நின்றவன், வாய் திறக்க முடியாது. அது மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது, அதனால் மச்சானுக்குக் குரல்பதிவில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய பைபர் படகு வாங்குகிற எங்கள் ஊர்த் தம்பிமாருக்கும் இதில் பாதி பொருந்தும், பொருந்துகிற இடத்தில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

கயிறு அவிழ்க்க முன்

பெரிய யாட்டைக் கேட்டவுடன் ஓட விடமாட்டார்கள். விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, வழக்கமாக விலையில் 10 சதவீதம் முற்பணம் கட்டிய பிறகுதான் வெள்ளோட்டம். அந்த ஒப்பந்தத்தில் வெள்ளோட்டமும் சர்வேயும் (படகைச் சோதித்து அறிக்கை எழுதுவது) வாங்குகிறவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவது உறுதி என்ற நிபந்தனை இருக்கிறதா, அதற்குக் கடைசித் தேதி எது என்று முதலே பார்த்துவிடு. அந்த நிபந்தனையை வைத்துத்தான் நாளைக்கு "வேண்டாம்" என்று சொல்லி முற்பணத்தைத் திருப்பி எடுக்கலாம்.

சர்வேயர் இரண்டு பேர் வேண்டும், உடம்புக்கு ஒருவர், இஞ்சினுக்கு ஒருவர். வட அமெரிக்காவில் சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு சங்கங்களில் ஒன்றில் இருப்பவரைத்தான் தேடுவார்கள். தரகர் கைகாட்டுகிற ஆளை எடுக்காமல் நீயே தேடிப் பிடி. அவருக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்க நினைக்காதே, ஒரு இஞ்சினைத் திறந்து கட்டுகிற செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் படகுகளைத் தரைக்குத் தூக்கிப் பிளாஸ்டிக் சுற்றி வைத்துவிடுவார்கள். இங்கே கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றுக்கு நாங்கள் மேட்டுக்கு இழுத்து வைக்கிற மாதிரி. தரையில் கிடக்கிற படகு மலிவாக வரும், ஆனால் பனியில் உறைந்து பம்போ குழாயோ வெடித்திருந்தால் அது தண்ணீரில் இறங்கி ஓடினால்தான் தெரியும். வசந்தத்தில் இறக்கி ஓடிப் பார்க்கும்வரை கொடுக்கல் வாங்கலை முடிக்கக் கூடாது.

டாங்கிகளில் டீசலும் தண்ணீரும் நிறைய இருக்கட்டும். வெறும் டாங்கியோடு ஓடினால் எந்தப் படகும் பறக்கும்.

"போய்ச் சேர்ந்தபோதே இஞ்சின் சூடாக இருக்கிறது"

ரொறன்ரோவில் காலை 8 மணி என்றால் இங்கே பின்னேரம் 5.30. மச்சான் வீடியோவைப் போட்டுக்கொண்டு இஞ்சின் அறைக்குள் இறங்கினான். முதலில் கையை வை என்றேன். "லேசான சூடு இருக்குது மச்சான்."

இரண்டு காரணம் இருக்கலாம். பெரிய டீசல்களில் சிலவற்றுக்குக் கூலண்டை, அதாவது உள்ளே சுற்றிக் குளிர்விக்கிற தண்ணீரை, சூடாக வைத்திருக்கும் மின்சார ஹீற்றர் இருக்கும், அது போட்டிருந்தால் இளஞ்சூடு நியாயமானது. மின் பலகையில் அதன் சுவிட்ச் இருக்கிறதா பார், இருந்தால், வேறொரு நாள் வருகிறோம், அதற்கு முதல்நாள் இரவே அணைத்து வையுங்கள் என்று சொல்லு. ஹீற்றரே இல்லாமல் சூடு இருந்தால் யாரோ முதலே ஓட விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வெள்ளோட்டம் வேண்டாம், வேறு நாள் வை. குளிர்ந்த இஞ்சின் எப்படிப் பற்றுகிறது, முதல் புகை என்ன நிறம், எத்தனை செக்கனில் ஒயில் அழுத்தம் ஏறுகிறது என்பதெல்லாம் ஒரேயொரு தடவைதான் காணக் கிடைக்கும். மச்சானின் படகில் ஹீற்றர் இருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

இங்கேயும் இதே கதைதான். "இப்பதான் கடலால வந்தது, ஒரு இழுவையில ஸ்டார்ட்" என்று பழைய அவுட்போட் விற்கிறவர் சொல்வார். சூட்டில் எல்லாமே ஒரு இழுவையில் பற்றும். விடியக்காலை போய், இரவு முழுக்கக் கிடந்த இஞ்சினை நீயே கயிறு பிடித்து இழுத்துப் பார்.

"சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை"

சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும், பற்ற முன், எச்சரிக்கை விளக்கு எரிந்து அலாரம் ஒலிக்க வேண்டும். ஒயில் அழுத்தம் இன்னும் இல்லையே. ஒலிக்காவிட்டால் பஸர் பழுதாகியிருக்கும், அல்லது யாரோ வயரைக் கழற்றியிருப்பார்கள். ஏன் கழற்றினார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும்வரை மேலே போகாதே. இஞ்சின் ஓடிய மணிகளை எண்ணும் மீற்றரையும் இஞ்சின் கணினியில் பதிந்திருக்கும் மணிகளையும் ஒத்துப் பார்க்கச் சொல்வதும் இந்த நேரத்தில்தான். இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும்.

"புகை வருகிறது"

புகை வந்தவுடன் பயப்படவும் வேண்டாம், "டீசல் என்றால் புகைக்கும்தானே" என்று விட்டுவிடவும் வேண்டாம். நிறத்தைப் பார், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார், பின்னால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்.

குளிர் காலையில் பற்றியவுடன் வெள்ளை வரும். காற்றில் உடனே கரைந்து போனால் அது நீராவி. ஐந்து, பத்து நிமிடமாகியும் வெள்ளை நிற்கிறது, கண் எரிகிறது, டீசல் மணக்கிறது என்றால் எரியாத டீசல் வெளியே வருகிறது, டீசலைப் பீச்சுகிற நொசில் பழுது அல்லது அமுக்கம் குறைவு. இஞ்சின் நல்ல சூட்டுக்கு வந்த பிறகும் வெள்ளை வந்து, அதில் ஒரு இனிப்பு வாடை இருந்தால் கூலண்ட் எரிகிறது. ஹெட் கெஸ்கட் போயிருக்கலாம், அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். நானென்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவேன்.

நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. பற்றும்போது கொஞ்சம் வந்து மறைந்தால் வால்வுப் பக்கம் கசிவு, ஓட ஓட வந்தால் பிஸ்டன் றிங் தேய்வு அல்லது இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போவின் சீல்.

கறுப்புப் புகை காற்றுப் போதாமையையும் அளவுக்கு மிஞ்சிய சுமையையும் காட்டும். வேகக் கைப்பிடியைத் தள்ளும்போது ஒரு வீச்சு வந்து அடங்கினால் பரவாயில்லை. ஒரே வேகத்தில் ஓடும்போதும் நின்றுகொண்டிருந்தால், யாட்டின் பின்பலகையில் கரி படிந்திருந்தால், கீழே இஞ்சின் சுற்றைப் பற்றிச் சொல்லப்போகிறதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்பலகையைப் புதிதாகக் கழுவி வைத்திருந்தாலும் புகைவாய்க்கு மேலே விரலால் ஒருமுறை துடைத்துப் பார், கரி மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்.

"சூடு மெல்ல மெல்ல ஏறுகிறது"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமான பேர் ஏமாறுவது இதில்தான். கரையில் கட்டிக்கொண்டு ஸ்லோவில் ஓட விட்டால் ஊசி 80 பாகையில் அசையாமல் நிற்கும். பாதி வேகத்திலும் நிற்கும். கைப்பிடியை முழுதாகத் தள்ளி ஏழாம் எட்டாம் நிமிடத்தில்தான் ஏறத் தொடங்கும். அதனால்தான் விற்கிறவர் இரண்டு நிமிடத்தில் கைப்பிடியைப் பின்னுக்கு இழுப்பார், "முழு வேகம் இஞ்சினுக்குக் கூடாது" என்று சொல்வார். முதல் அரை மணி நேரம் வழக்கமான ஓட்ட வேகத்தில் ஓடி, அதன்பிறகு குறைந்தது ஐந்து நிமிடம், முடிந்தால் பத்து நிமிடம் முழு வேகம் என்று முதலே பேசி எழுதிவிடு. இஞ்சின் சர்வேயர் நிற்கும்போது அதை யாரும் மறுக்கக் கூடாது.

யாட் இஞ்சினுக்கு இரண்டு தண்ணீர். உள்ளே சுற்றுவது கூலண்ட். வெளியிலிருந்து உறிஞ்சி, ஹீற் எக்ஸ்சேஞ்சரில் அந்தக் கூலண்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து பின்னால் கொட்டுவது கடல் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ. சூடு ஏறினால் பத்தில் எட்டுத் தடவை பழுது இந்த இரண்டாவது தண்ணீரின் வழியில்தான் இருந்தது, நான் பார்த்தவரையில்.

ஆக மலிவான இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கு. உறிஞ்சும் வாயில் இருக்கிற வடியைத் திறந்து பார், பொலித்தீன், பாசி, சிப்பி. அடுத்தது இம்பெல்லர், றப்பரில் செய்த சின்னச் சக்கரம், அதன் இதழ் ஒன்று முறிந்திருந்தாலே தண்ணீர் குறையும், முறிந்த துண்டு குழாய்க்குள் போய் வேறு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஹீற் எக்ஸ்சேஞ்சர், புகைக்குழாயில் தண்ணீர் கலக்கிற முழங்கை, தேர்மோஸ்டாட். ஓடும்போதே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: தண்ணீர் கலந்த பிறகு வருகிற றப்பர்க் குழாயில், வேகத்தைக் குறைத்து ஸ்லோவுக்கு வந்தபின், புறங்கையை ஒரு நொடி தொட்டு எடு. குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் போதவில்லை. தூரத்திலிருந்து வெப்பம் அளக்கிற துப்பாக்கி மாதிரிக் கருவி மலிவாகவே வாங்கலாம், அது இருந்தால் தொடவும் தேவையில்லை, இரண்டு இஞ்சினிலும் ஒரே இடத்தைக் காட்டி ஒப்பிட்டால் போதும்.

மச்சானின் யாட்டில் இடப்பக்க இஞ்சின் 82இல் நின்றது, முழு வேகத்தில் ஆறாவது நிமிடம் 88, ஒன்பதாவது நிமிடம் 96. வலப்பக்கம் 84ஐத் தாண்டவே இல்லை. தரகர் "அது மீற்றர் பழுது" என்றாராம். சரி, மீற்றரும் பழுதாகலாம். அதற்குத்தான் அந்தக் கருவி. குழாயில் காட்டினான், அதுவும் வலப்பக்கத்தைவிடப் பத்துப் பாகைக்கு மேல் கூடக் காட்டியது. வடியைத் திறக்கச் சொன்னேன். கமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினான், கூடையின் அடியில் நகத்தளவு சிப்பிகள் கொத்தாக, கறுப்பும் வெள்ளையும் வரி போட்ட மாதிரி.

அது வரிச்சிப்பி. வட அமெரிக்கப் பேரேரிகளுக்குச் சொந்தமானது இல்லை, 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டார்கள், கப்பல்களின் சமநிலைத் தண்ணீரில் வந்து இறங்கியது என்று சொல்வார்கள், இப்போது அந்தப் பக்கத்தில் தண்ணீர் உறிஞ்சும் குழாய் எதையும் விட்டுவைப்பதில்லை. நந்திக்கடலில் ஒரு மாதம் சும்மா கிடந்த அவுட்போட்டின் கால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வடியில் இவ்வளவு என்றால் அதற்கு முன்னால், உடம்பின் ஓட்டையிலிருந்து வருகிற குழாய்க்குள் எவ்வளவு இருக்கும்? விற்கிறவரின் செலவில் குழாயும் எக்ஸ்சேஞ்சரும் துப்பரவாக்கி, இன்னொரு முறை ஓடிப் பார்ப்பது என்று எழுதி வாங்கினார்கள்.

அவுட்போட்டில் இதையே பார்க்க, பக்கவாட்டில் பென்சில் தடிப்பில் பீச்சுகிற தண்ணீர் இருக்கிறதே, அதைப் பார். ஸ்லோவிலும் நேராகப் பீச்ச வேண்டும். சொட்டினால் இம்பெல்லர் போய்விட்டது, அல்லது உள்ளே உப்புக் கட்டியிருக்கிறது. முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது அப்படி இல்லை.

"முழுதாகத் தள்ளியும் சுற்று ஏறவில்லை"

ஒவ்வொரு இஞ்சினுக்கும் தகட்டில் உச்சச் சுற்று எழுதியிருக்கும். இந்த அளவு டீசல்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,300ஐ ஒட்டி வரும். நிறைந்த டாங்கியோடு முழுதாகத் தள்ளினால் அந்த எண்ணைத் தொட வேண்டும், கொஞ்சம் தாண்டினால் இன்னும் நல்லது. தொடாத யாட்டை எத்தனை வருசம் ஓட்டியிருக்கிறார்களோ அத்தனை வருசமும் அந்த இஞ்சின் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தூக்கியிருக்கிறது. மாட்டை மிஞ்சி வண்டியில் நெல்லேற்றி வருசக்கணக்கில் அடித்தால் மாட்டுக்கு என்ன ஆகுமோ அதுதான்.

இரண்டு இஞ்சினும் ஒரே அளவு குறைந்தால் கோளாறு இஞ்சினுக்கு வெளியே இருக்கும். அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கும், புரொப்பெல்லர் தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக இருக்கும், அல்லது கட்டிய நாளுக்குப் பிறகு மேலே அது இது என்று ஏற்றிப் பாரம் கூடியிருக்கும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கும்போது அடியைக் கழுவி, புரொப்பெல்லரில் பொறித்திருக்கிற அளவை எழுதி எடு.

ஒன்று மட்டும் குறைந்தால் அந்த இஞ்சினுக்குள் போ. மச்சானுக்கு இடப்பக்கம் 2,320 வந்தது, வலப்பக்கம் 2,120இல் முட்டி நின்றது, லேசான கறுப்புப் புகையும் வந்தது. (ஆம், சூடு ஏறியது இடப்பக்கம், சுற்று ஏறாதது வலப்பக்கம். ஒரே படகில் இரண்டு நோய் இருக்கலாம், ஒன்றைக் கண்டவுடன் தேடுவதை நிறுத்தக் கூடாது.) டீசல் பில்டரின் மேலே இருக்கிற ஊசியைப் பார்க்கச் சொன்னேன், முழு வேகத்தில் அது சிவப்புப் பக்கம் போனால் பில்டர் அடைத்திருக்கிறது. போகவில்லை. டர்போ அழுத்தத்தைத் திரையில் இரண்டு பக்கமும் ஒப்பிடச் சொன்னேன், வலப்பக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. அப்படியென்றால் டீசல் வருகிறது, காற்றுத்தான் போதவில்லை. காற்று பில்டர் சுத்தம். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கிற பெட்டிக்குப் போகும் தடித்த குழாயின் மூட்டுகளில் ரோச் அடித்துக்கொண்டு போகச் சொன்னேன், ஒரு மூட்டின் கீழே மட்டும் கறுப்பாக எண்ணெய்க் கறை விசிறியடித்த மாதிரி இருந்தது. கிளாம்ப் தளர்ந்து, காற்று அந்த வழியால் போய்க்கொண்டிருந்தது. விற்கிறவருக்கும் அது தெரியாது என்றே நினைக்கிறேன், முகத்தில் அவ்வளவு ஆச்சரியம். இதையே ஒரு சர்வேயர் "டர்போ மாற்ற வேண்டும்" என்று எழுதியிருந்தால் விலையில் பெரிய வெட்டு விழுந்திருக்கும், அல்லது பேச்சே முறிந்திருக்கும்.

முழு வேகத்தில் நிற்கும்போதே எண்ணெய்ச் செலவையும் எழுதி எடு. டீசல் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லீற்றர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு 1,000 குதிரைவலு இஞ்சினுக்கு மணிக்கு 400 லீற்றர். மச்சான் இந்தக் கணக்கைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2022 ஆவணியில் எங்கள் அவுட்போட்டுகள் குடிக்கிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340க்குப் போன பிறகு எங்கள் கரையில் எண்ணெய்ச் செலவைக் கேட்காமல் ஒருவரும் இஞ்சின் வாங்குவதில்லை. யாட் வாங்குகிறவரும் கேட்க வேண்டும்.

"அதிர்கிறது"

எந்தச் சுற்றில் அதிர்கிறது என்று முதலில் குறி. பிறகு நிறுத்தி, நியூட்ரலில் அதே சுற்றுக்கு அளவோடு ஏற்றிப் பார். நியூட்ரலிலும் அதிர்ந்தால் இஞ்சின் அல்லது அதைத் தாங்குகிற றப்பர். நியூட்ரலில் இல்லாமல் கியரில் மட்டும் அதிர்ந்தால் புரொப்பெல்லரைச் சுழற்றுகிற சாஃப்ட், புரொப்பெல்லர், அல்லது தண்ணீருக்குள் சாஃப்டைத் தாங்குகிற புஷ். அடுத்து ஒரு பக்கத்தை மட்டும் கியரில் போட்டு மெதுவாக ஓடிப் பார், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சாஃப்டில் சுற்றிய கயிற்றுத் துண்டிலிருந்து வளைந்த சாஃப்ட் வரை எதுவாகவும் இருக்கலாம், படகைத் தூக்கினால்தான் முடிவு தெரியும், அதனால் வெள்ளோட்டத்தை முதலில் வைத்து அப்படியே தூக்குகிற இடத்துக்கு ஓட்டிப் போவது நல்லது. தூக்கியதும் புஷ்ஷுக்குள் சாஃப்டை மேலும் கீழும் கையால் அசைத்துப் பார்.

"கியர் போட்டால் பிந்திப் பிடிக்கிறது"

ஸ்லோவில் நின்று முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறிப் போட்டுப் பார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அப்புறம் நேராகப் பின்னுக்குச் சுமை கொடுத்து ஓடச் சொல்லி, கீழே நின்று இஞ்சின்கள் தாங்கியில் தூக்கியடிக்கிறதா என்று பார். பின்னுக்கு ஓடிக் காட்ட விற்கிறவர்கள் விரும்புவதில்லை, ஆனாலும் கேள். கடைசியில் கியர்பொக்ஸ் ஒயில் குச்சியை இழுத்து முகர், கருகிய மணம் வந்தால் கிளச் தட்டுகள் வழுக்குகின்றன.

ஒயிலைப் பார்க்காமல் விட்டு நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஊருக்கு வந்த புதிதில் அண்ணாவுக்குப் பழைய 40 குதிரைவலு அவுட்போட் ஒன்று பார்த்துக் கொடுத்தேன். பற்றியது, நன்றாக ஓடியது, தண்ணீர் பீச்சியது. கீழே கியர்ப்பெட்டியின் ஸ்குறூவைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தெரியும், வெயில் ஏறிவிட்டது, விற்கிறவர் அவசரப்படுத்தினார், விட்டுவிட்டேன். மூன்றாம் கிழமை நாயாற்றுக்கு வெளியே கியர் நொருங்கி நின்றுவிட்டது. அண்ணாவும் கூடப் போன பொடியனும் பின்னேரம்வரை மிதந்தார்கள், பிறகு சிலாவத்தைப் படகு ஒன்று கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கழற்றியபோது உள்ளே ஒயில், தண்ணீர் கலந்து, தேத்தண்ணிக்கு விட்ட ரின்பால் மாதிரி இருந்தது. அன்றைக்கு அண்ணி என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஸ்குறூவைக் கழற்ற இரண்டு நிமிடம் போதும், தயவுசெய்து கழற்றிப் பாருங்கள்.

"சுக்கான் நேராக இருக்க ஒரு பக்கம் இழுக்கிறது"

முதலில் பின்னால் இருக்கிற, படகின் சாய்வைச் சரிசெய்கிற ட்ரிம் தட்டுகள் இரண்டும் ஒரே நிலையில் இருக்கின்றனவா, இரண்டு இஞ்சினும் ஒரே சுற்றில் இருக்கின்றனவா என்று பார். அதற்குப் பிறகும் இழுத்தால் சுக்கான் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இல்லை. சக்கரம் தொளதொளவென்று இருந்தால் ஹைட்ரோலிக்கில் காற்று, பின்னால் சுக்கானை அசைக்கிற உருளையின் கீழே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார். தானோட்டியைப் போட்டு ஐந்து நிமிடம் விடு, பாம்பு மாதிரி வளைந்து போகக் கூடாது.

ஜெனரேற்றர், திரஸ்டர், ஜைரோ

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கரையிலேயே பாதியைப் பார்த்துவிடலாம். எல்லா ஏசியும், அடுப்பும், சுடுதண்ணீரும் ஒன்றாகப் போட்டு ஜெனரேற்றரை ஓட விடு. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், எங்கள் நாட்டில் 50, எதுவானாலும் சுமை ஏறும்போது அந்த எண் பெரிதாகச் சரியக் கூடாது. அணியத்தில் (முன்பக்கத்தில்) இருந்து படகைப் பக்கவாட்டில் தள்ளுகிற மின்சாரத் திரஸ்டர் சில நிமிடம் தொடர்ந்து ஓடினால் சூட்டில் தானே நிற்கும், அது பழுதில்லை. அழுத்தியவுடன் முனகி நின்றால் பற்றறி. ஆட்டத்தைக் குறைக்கிற ஜைரோ இருந்தால் புறப்பட முன்பே போடச் சொல், முழு வேகத்துக்கு வர அரை மணிக்கு மேலும் எடுக்கும், "நேரமில்லை" என்ற பேச்சு பிறகு வரக் கூடாது. அலைக்குக் குறுக்காக நிறுத்தி, போட்டும் அணைத்தும் பார்த்தால் வித்தியாசம் காலிலேயே தெரியும்.

"திரும்பி வந்தபோது அடியில் தண்ணீர்"

புறப்பட முன் அடிக்கிடங்கைத் துடைத்துக் காய வைக்கச் சொல். துடைக்காவிட்டால் பழைய ஈரமா புதிய ஈரமா என்று தெரியாது. பழைய முறையில் திரி அடைத்த சாஃப்ட் வாய் ஓடும்போது துளித் துளியாகச் சொட்டும், அது இயல்பு. சொட்டாத வகைச் சீல் என்றால் சொட்டவே கூடாது.

எங்கள் அப்பா படகின் அடியில் தண்ணீர் கண்டால் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பார். உப்பென்றால் ஓட்டை, நல்ல தண்ணீர் என்றால் மழை. டுபாயிலும் நான் அப்படித்தான் செய்தேன், உப்பென்றால் சாஃப்டும் உடம்பின் ஓட்டைகளும், உப்பில்லை என்றால் குடிதண்ணீர் டாங்கி. மச்சானுக்கும் "நாக்கில வைச்சுப் பார்" என்று சொல்லி வாயை மூட முன்பே நினைவு வந்தது, அது ஏரி, வெளியேயும் நல்ல தண்ணீர்தான். வேறு வழி யோசிக்க வேண்டியதாயிற்று. எல்லாக் குழாயையும் பூட்டி, ஜெனரேற்றரையும் நிறுத்தி, குடிதண்ணீர்ப் பம்பை மட்டும் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நில் என்றேன். குழாய் எல்லாம் பூட்டியிருக்கும்போது பம்ப் ஓட வேண்டிய அவசியம் இல்லை, ஓடினால் எங்கோ கசிகிறது. கைத்தொலைபேசியைப் பம்புக்குப் பக்கத்தில் வைத்தான். இங்கே வாடிக்குள் நானும், உதவிக்கு நிற்கிற பொடியனும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம், வெளியே வலை இழுக்கிறவர்களின் சத்தம் வேறு. மூன்றாவது நிமிடம் பம்ப் ஒரு தடவை "டுர்ர்" என்று ஓடி நின்றது. "அண்ணா, ஓடினது!" என்று பொடியன்தான் முதலில் சொன்னான். சுடுதண்ணீர்த் தொட்டியின் பின்னால் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது.

ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிற ஒயில் மாதிரியை இஞ்சின் சூட்டோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும், இரண்டு இஞ்சின், இரண்டு கியர்பொக்ஸ், ஜெனரேற்றர், ஐந்து போத்தல். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினார்கள் என்று கேள், போன கிழமை மாற்றியிருந்தால் அந்த ஒயிலுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கடல் படகில் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் சோடியம் கூடக் காட்டும், ஏரிப் படகில் அந்த அடையாளம் இல்லை, ஆனால் கூலண்ட் கசிந்தால் பொட்டாசியமோ சோடியமோ காட்டிக்கொடுக்கும். தேய்மானத்தைக் காட்டுகிற இரும்பு, செம்பு, ஈயம் எவ்வளவு என்பதை இரண்டு இஞ்சினுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

போன சனிக்கிழமை மறுபடி ஓடினார்கள். குழாய் துப்பரவாக்கி, கிளாம்ப் இறுக்கி, டாங்கி நிறைத்து. முழு வேகத்தில் பத்தாவது நிமிடம் மச்சான் எண்களை வாசித்தான்: இடப்பக்கம் 2,320, வலப்பக்கம் 2,310, இரண்டும் 84 பாகை. ஒயில் முடிவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.